அரைப்பேரும் முழு வலியும்

பிள்ளை பெற்ற உடம்பு, இடுப்பு வலிக்கத்தான் செய்யும் என்று கூறிக் கையை விரிப்பது எமது நாட்டில் ஒரு வைத்திய முறையாகவே வளர்ந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை இதனைக் கூறுகிறார். மருந்துச்சாலையில் பனடோல் எண்ணிக் கொடுப்பவர் கூறுகிறார். வலியால் நெளிபவளின் மாமியாரும், தான் பட்ட பாட்டை மறந்தவளாய், அதையே கூறுகிறாள். 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்ட காலந்தொட்டு, மலைச்சரிவில் சுமையோடு ஏறி இறங்கி வந்திருக்கும் ஒரு பெண்கூட்டத்தின் இடுப்பு வலிக்கு எமது சமுதாயம் கண்டுபிடித்திருக்கும் விளக்கம் இவ்வளவுதான்: அது பெண்ணாய்ப் பிறந்ததன் பலன்!

இவ்விளக்கம் பொய் என்பதே எமது கட்சி. அத்தோடு, இது சிலருக்கு மிகவும் வசதியான பொய் என்றும் கூறுகிறோம். விதியால் வந்த வலிக்கு முதலாளி பொறுப்பில்லை, சட்டம் பொறுப்பில்லை, வைத்தியர் விரல் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. எல்லோரும் நிம்மதியாக உறங்கலாம். உறக்கமில்லாதவள் ஒருத்தி மட்டுமே. அவளும் லயத்துக் காம்பிராவின் சாணம் மெழுகிய தரையிலோ சீமெந்துத் தரையிலோ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் புரள முடியாமல் கிடப்பவளாகையால், அவளுடைய குரல் வெளியே கேட்பதில்லை.

வலி எங்கே இருக்கிறது என்பதை முதலிற் பார்ப்போம். ‘இடுப்பு வலி’ என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் பல வலிகள் அடங்கியுள்ளன. அவற்றுள் ஒன்றையே இங்கு எடுத்துக்கொள்கிறோம். முதுகுத்தண்டின் அடியில், ஐந்து முள்ளென்புகள் ஒன்றாய் இறுகி அமைந்த முக்கோண வடிவான என்பு ஒன்று உண்டு. திருவென்பு என்பது அதன் பெயர். இதன் இரு பக்கத்திலும் இடுப்பென்புகள் வந்து பொருந்துமிடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மூட்டுகள் உள்ளன. முழங்கால் போலவோ தோள் போலவோ மடங்கி விரியும் மூட்டுகளல்ல இவை. இவற்றின் அசைவு ஒரு சில பாகை, ஒரு சில மில்லிமீற்றர், அதற்குமேல் இல்லை. ஆயினும் தலை, கை, மார்பு, வயிறு, அவற்றின்மேல் ஏற்றிய சுமை ஆகிய அத்தனையின் பாரமும் முதுகுத்தண்டு வழியே இறங்கி, இவ்விரு மூட்டுகளில் இரண்டாகப் பிரிந்தே கால்களைச் சென்றடைகிறது. கல்வளைவு ஒன்றின் நடுவே ஆப்புப்போல் இறக்கிய கல்லைப் பார்த்திருப்பீர்கள். திருவென்பு அவ்வாறே இரு இடுப்பென்புகளுக்கும் இடையில் இறங்கி நிற்கிறது. அதை நழுவாமற் காப்பவை உடலிலேயே மிக வலிய நார்க்கட்டுகளும், பிட்டத்தினதும் அடிவயிற்றினதும் தசைகளுமாகும்.

பெண் கருவுற்றதும் இக்கட்டுகளில் ஒரு மாற்றம் நிகழ்கிறது. பிள்ளை வெளியேற வழிவிட வேண்டியிருத்தலால், உடலிற் சுரக்கும் ஓமோன்கள் நார்களை இளகச் செய்கின்றன. 1926 இல் கண்டறியப்பட்ட றிலக்சின் என்பது அவற்றுள் ஒன்று. கட்டு தளரும் அதே காலத்தில் வயிறு முன்னே தள்ளுகிறது, பாரம் கூடுகிறது, தசைகள் இழுபடுகின்றன. கருவுற்ற பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இடுப்பு வளையத்து வலிக்கு ஆளாகின்றனர் என்று மருத்துவம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களிற் பெரும்பாலோர்க்குப் பிள்ளை பிறந்து சில மாதங்களுக்குள் வலி தணிந்துவிடுகிறது. தணியாமல் ஆண்டுக்கணக்கில் நீடிப்போரும் உளர்.

இங்கே நாம் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். ஐவரில் ஒருவருக்குத்தான் வருகிறது என்றால், பிள்ளை பெறும் உடம்பு வலித்தே தீரும் என்ற வாதம் எங்கே போயிற்று? பெரும்பாலோர்க்குச் சில மாதங்களில் தணிகிறது என்றால், பத்தாண்டுகளாகத் தணியாதவளிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி எது? அந்தக் கேள்வியை இத்தாலிய வைத்தியரான றமசினி 1700 ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்கள் பற்றித் தாம் வெளியிட்ட நூலின் வழியே வைத்தியருலகுக்குக் கற்பித்தார். நோயாளியிடம் பண்டைக் காலந்தொட்டுக் கேட்டுவரும் கேள்விகளோடு, உன் தொழில் யாது என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்க என்றார் அவர். முந்நூறு ஆண்டுகள் சென்றுவிட்டன. எமது மருந்துச்சாலைகளில் பெயரைக் கேட்கிறார்கள், வயதைக் கேட்கிறார்கள், எத்தனை பிள்ளை என்றும் கேட்கிறார்கள். கொழுந்தெடுப்பவளிடம் தொழிலைக் கேட்பதில்லை. அது தெரிந்ததுதானே என்ற எண்ணம் போலும்!

தெரிந்ததுதானா? பார்ப்போம். கொழுந்துக்காரி சமநிலத்தில் நிற்பவளல்லள். சரிவில் ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயும் ஊன்றி, இடுப்பு ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்து, மணிக்கணக்கில் நிற்கிறாள். இரு மூட்டுகளும் சமமாய்ப் பங்கிட வேண்டிய பாரத்தை ஒரு மூட்டே பெரும்பகுதியும் தாங்குகிறது. செடிக்கு மேலாகக் குனிந்து, இரு கைகளையும் எட்டிக் கிள்ளி, உடலைத் திருப்பிப் பின்னே எறிகிறாள். கயிற்றை நெற்றிக்கு மேலே கொடுத்து முதுகில் தொங்கவிட்ட கூடையாயினும், இன்று பல தோட்டங்களிற் காணும் பையாயினும், அது நிறைய நிறைய அவளைப் பின்னோக்கி இழுக்கிறது. அதற்கு ஈடுகொடுத்து அவள் முன்னோக்கி வளைகிறாள். நிறைந்ததும் கொழுந்து மடுவத்துக்குச் சுமந்து நடக்க வேண்டும். மழை பெய்தால் வழுக்கும் படிக்கட்டு. ஈரக் கொழுந்தின் பாரம் மேலும் அதிகம். அந்த ஈரத்துக்கு நிறுவையிலே கழிவு வெட்டுகிறார்களே தவிர, அதைச் சுமந்த முதுகுக்கு எந்தக் கழிவும் கிடைப்பதில்லை!

18 கிலோ என்றும் 20 கிலோ என்றும் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும் அளவை எட்டினால் அவளுக்கு ஒரு ‘பேர்’, எட்டாவிட்டால் ‘அரைப்பேர்’. நாட்சம்பளம் 2021 ஆம் ஆண்டில் 1000 ரூபாவாகவும், 2024 ஆம் ஆண்டில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்ட வேளைகளில் எத்தனையோ மேடைகளில் மாலைகள் விழுந்தன. வலி வந்தவளுக்கு அந்த உயர்வின் பாதிதான் கைக்கு வரும் என்பதை அம்மேடைகளில் எவரும் சொல்லவில்லை. இடுப்புப் பிடித்துக்கொண்ட நாளில் அவள் பத்துக் கிலோவோடு மடுவத்துக்கு வருகிறாள். கணக்குப் புத்தகத்தில் அரைப்பேர் விழுகிறது. முழு வலிக்கு அரைப்பேர்! அடுத்த நாள் அதை ஈடுசெய்வதற்காக வலியை அடக்கிக்கொண்டு இருபத்திரண்டு கிலோ எடுக்கிறாள். அதற்கடுத்த நாள் எழும்ப முடிவதில்லை. நோயை இவ்வாறு வளர்ப்பது எது? கருப்பையா, கணக்குப் புத்தகமா?

இனி வைத்திய உலகத்தின் பக்கம் திரும்புவோம். இந்த மூட்டை அது அறியாதிருந்தது என்று சொல்ல முடியாது. 1905 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்து வைத்தியர்களான கோல்ட்துவைற், ஒஸ்குட் என்போர் இதுபற்றி விரிவாக எழுதினர். அதன்பின் சில காலம் முதுகு வலி என்றாலே இம்மூட்டுத்தான் என்று கூறுமளவுக்கு அந்த எண்ணம் பரவியிருந்தது. 1934 ஆம் ஆண்டில் மிக்ஸ்டர், பார் என்ற இருவர், முள்ளென்புகளுக்கிடையே மெத்தைபோல் அமைந்துள்ள வட்டு பிதுங்கி நரம்பை நெருக்குவதால் வலி உண்டாவதை எடுத்துக்காட்டினர். அது பெருங் கண்டுபிடிப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் வைத்திய உலகமும் சினிமா உலகத்தைப் போன்றதே. புதிய நட்சத்திரம் தோன்றியதும் பழையதை மறந்துவிட்டது. எல்லா வலியும் வட்டு வலியாயிற்று. படத்தில் வட்டுச் சற்று விலகியிருந்தால் அதுவே குற்றவாளி. படத்தில் எதுவும் தெரியாவிட்டால் நோயாளியே குற்றவாளி. நாட்பட்ட கீழ்முதுகு வலியுடையோரில் நூற்றுக்கு 15 முதல் 30 பேர் வரை இத்திருவென்பு மூட்டினாலேயே துன்புறுகின்றனர் என்று பிற்கால ஆய்வுகள் மதிப்பிட்டுள்ளன. அவ்வாறாயின் இடைக்காலத்தில் எத்தனை பேரிடம் ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்று கூறி அனுப்பியிருப்போம்!

ஊடுகதிர்ப் படத்தில் பெரும்பாலும் எதையும் காட்டாத வலி இது. அதற்காக இதைக் கண்டறியும் வழி இல்லையென்று கூறுவது சோம்பல். எங்கே வலிக்கிறது, ஒரு விரலால் தொட்டுக் காட்டு என்று கேட்டால், இந்த வலியுடையவள் அநேகமாக ஒரே இடத்தைத்தான் காட்டுவாள். இடுப்பின் பின்புறத்தில், ஒரு பக்கத்தில், தோலிற் சிறு குழி விழுமிடத்துக்குச் சற்றுக் கீழே. வலி பிட்டத்துக்குப் பரவும். அரைக்கு முன்பக்கமும் தொடையின் பின்பக்கமும் போகும். முழங்காலுக்குக் கீழே பாதம்வரை மின்னல்போல் ஓடுவது அநேகமாக வட்டு வலியின் குணம். இருந்து எழும்பும்போதும், படியேறும்போதும், படுக்கையிற் புரளும்போதும், ஒற்றைக் காலில் நிற்கும்போதும் இது கூடும். பின்னர், கட்டிலிற் படுக்கவைத்து மூட்டை வெவ்வேறு திசைகளில் அழுத்தியும் விரித்தும் பார்க்கும் ஐந்து சோதனைகள் உள்ளன. அவற்றில் மூன்றிலாவது அவளுக்குப் பழகிய அதே வலி கிளம்புமாயின், குற்றவாளி இம்மூட்டு என்ற ஐயம் வலுப்பெறுகிறது. முழு உறுதி வேண்டுமெனின் மூட்டினுள் மரப்பூசி செலுத்திப் பார்க்கப் பெரிய வைத்தியசாலைக்குப் போகவேண்டும். ஆனால் அந்த ஐந்து சோதனைகளுக்கு வேண்டிய உபகரணங்கள் யாவை? ஒரு கட்டில், இரண்டு கைகள், பத்து நிமிடங்கள். தோட்டத்தில் வசதியில்லை என்ற சாட்டு இங்கே செல்லாது. கட்டில் இருக்கிறது. கைகளும் இருக்கின்றன. அந்தப் பத்து நிமிடந்தான் ஏழைக்கு ஒதுக்கப்படவில்லை.

ஆண்களை மறந்துவிட்டோம் என்று எவரும் குறைகூற வேண்டாம். இதே மூட்டில் வேறொரு நோய் குடியேறுவதுண்டு. இருபது, இருபத்தைந்து வயதில் தொடங்கும். மூட்டு அழன்று, நாளடைவில் முதுகுத்தண்டையே மூங்கில்போல் விறைக்கச் செய்யும். இந்நோயுடைய இளைஞன் விடியற்காலையில் அரைமணி நேரத்துக்கு மேலாக மரக்கட்டை போற் கிடப்பான். எழுந்து நடமாடி வேலைசெய்யச் செய்ய வலி குறையும். ஓய்ந்திருந்தால் மீண்டும் கூடும். இவனுக்கு எமது ஊர் சூட்டும் பெயர் யாது? காலையில் எழும்பாத சோம்பேறி! பெரட்டுக்கு நேரங்கழித்து வருபவன், மத்தியானத்தில் மட்டும் நன்றாக வேலை செய்பவன், ஆகவே நடிக்கிறான் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். நோயின் இலக்கணமே அதுதான் என்பது தீர்ப்பெழுதுபவருக்குத் தெரியாது. இது தைலத்துக்கு அடங்கும் நோயன்று. காலத்தோடு கண்டுபிடித்தால் முதுகு விறைத்துப் போகாமல் தடுக்க உதவும் மருந்துகள் இன்று உண்டு. அதேபோல், காய்ச்சலோடும் உடல் மெலிவோடும் வரும் இடுப்பு வலிக்குக் காசநோயும் காரணமாகலாம். சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போவதும், தொடைகளுக்கிடையே மரத்துப் போவதும், கால் வலுவிழப்பதும் தோன்றினால் ஒரு நாளும் தாமதியாது பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இவற்றை இங்கே எழுதுவதன் காரணம், ‘வெறும் இடுப்பு வலி’ என்ற சொல் எத்தனை நோய்களுக்குப் போர்வையாகிறது என்பதைக் காட்டுவதற்கே.

மூட்டு வலிக்குப் பரிகாரம் இல்லையா என்றால், உண்டு. அது மந்திரமுமல்ல, பெருஞ்செலவு பிடிப்பதுமல்ல. வாரக்கணக்கிற் படுத்துக்கிடக்கும்படி கூறிய பழைய வைத்தியம் காலாவதியாகிவிட்டது. படுத்தால் தசை தளரும். தசை தளர்ந்தால் மூட்டின் காவல் தளரும். வலி கடுமையாயுள்ள ஓரிரு நாள் சுமையைத் தவிர்த்து, பின்னர் இயன்றவரை நடமாடுவதே நன்று. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்குவதும், பக்கவாட்டிற் படுத்து மேற்காலை உயர்த்துவதும் போன்ற பயிற்சிகள் பிட்டத்துத் தசையை வலுப்படுத்தும். இவற்றை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் செய்தாலன்றிப் பயன் தெரியாது. இடுப்பென்பின் கீழே, தொடைகள் தொடங்குமிடத்துக்கு மேலாக, அகலமான பட்டியை இறுக்கிக் கட்டுவது கருவுற்ற பலருக்கு நடக்கும்போது ஆறுதலளிக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு எமது பாட்டிமார் துணியால் வரிந்து கட்டியதும் இதற்கு உறவுதான். ஆனால் அவர்கள் கட்டியது வயிற்றில், இது கட்ட வேண்டியது அதற்குக் கீழே. பக்கவாட்டில் உறங்குகையில் முழங்கால்களுக்கிடையே தலையணையோ மடித்த சேலையோ வைத்துக்கொள்ளலாம். சூட்டு ஒத்தடம் இதந்தரும். வலிமாத்திரை சில நாட்களுக்கு உதவும். ஆனால் சிறுநீரகம் பழுதுற்றோரும், வயிற்றுப் புண்ணுள்ளோரும், கருவுற்றோரும் வைத்தியரைக் கேளாமல் கண்ட மாத்திரைகளை விழுங்கலாகாது. முதுகில் ஏறி மிதித்து ‘நரம்பை எடுத்துவிடும்’ நிபுணர்களிடம், அதிலும் கருவுற்ற பெண், போகாதிருப்பதே நலம். இவற்றால் ஆகாதோர்க்கு மூட்டினுள் மருந்து ஏற்றுவதும், அதற்கப்பால் மிகச் சிலருக்குச் சத்திரசிகிச்சையும் உண்டு.

நகரத்தில் மேசையடியில் எட்டு மணிநேரம் குந்தியிருக்கும் எமது வாசகர்களிற் சிலரும் இவ்வலியை அறிந்திருக்கக்கூடும். அவர்கள் மேற்கூறியதைப் படித்து, நாளைக் காலையிலிருந்தே பயிற்சியைத் தொடங்கலாம். வைத்தியரின் அறிவுரை அவர்களுக்காகவே எழுதப்பட்டது போலிருக்கிறது. பாரம் தூக்காதே என்கிறார். தூக்குவதே பிழைப்பானவள் என்ன செய்வாள்? சரிவில் நெடுநேரம் நில்லாதே என்கிறார்; மலையை யார் மட்டப்படுத்தித் தருவார்? நல்ல மெத்தையிற் படு என்கிறார். விடியுமுன் எழுந்து, தண்ணீர் எடுத்து, சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பிராவில் விட்டு, பெரட்டுக்கு ஓடுபவளிடம், நாளொன்றுக்கு அரைமணி நேரம் தேகப்பயிற்சி செய் என்று கூறுவது, பசித்தவனிடம் சமையற் புத்தகத்தை நீட்டுவது போன்றதாகும். அறிவுரை தவறல்ல. அதைக் கைக்கொள்ளும் நேரத்தையும் உரிமையையும் அவளிடமிருந்து பறித்துவைத்துக்கொண்டு, அவள் கைக்கொள்ளவில்லையே என்று அங்கலாய்ப்பதுதான் தவறு.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையினால், வேலையின்போது நேர்ந்த விபத்துக் காயத்துக்கு நட்டஈடு வழங்கச் சொல்கிறது. படிக்கட்டில் விழுந்து கால் முறிந்தால் நாள் உண்டு, நேரம் உண்டு, கண்ட சாட்சியும் உண்டு. இருபது ஆண்டுகளாய்ச் சிறுகச் சிறுகத் தேய்ந்த இடுப்புக்கு எந்த நாளைக் குறிப்பது? எந்தச் சாட்சியை அழைப்பது? 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பெண்ணுக்கு 84 நாள் விடுப்புத் தருகிறது. மூன்றாம் பிள்ளைக்கும் அதன் பின் பிறப்பவற்றுக்கும் அதிற் பாதியே என்றிருந்த அநீதி 2018 ஆம் ஆண்டில்தான் நீங்கிற்று. மூன்றாவது பிள்ளைக்கு நார்க்கட்டு விரைவில் இறுகிவிடும் என்று எந்த வைத்திய நூல் கூறிற்றோ, நாமறியோம்! சர்வதேசத் தொழில் நிறுவனம் 1967 ஆம் ஆண்டிலேயே, பெண்கள் சுமக்கும் பாரம் ஆண்களுக்குரியதிலும் கணிசமாகக் குறைந்திருக்க வேண்டுமென்ற உடன்படிக்கையை நிறைவேற்றியது. அத்தோடு வெளியிட்ட பரிந்துரையில், கருவுற்ற காலத்திலும் பேற்றின் பின் பத்து வாரங்களிலும், கேடு விளையுமென வைத்தியர் கருதினால், சுமைதூக்கும் வேலையை அவளுக்குக் கொடுக்கலாகாது என்றும் கூறியது. இந்த உடன்படிக்கையும் பரிந்துரையும் எந்தத் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் வாசித்துக் காட்டப்பட்டன?

கம்பனிக்காரரின் மறுமொழி எமக்குத் தெரியும். உற்பத்திச் செலவு ஏறிவிட்டது, உலகச் சந்தையில் போட்டி, கொழுந்தின் அளவைக் குறைத்தால் தோட்டத்தை மூட வேண்டியதுதான் என்பார்கள். 1972 ஆம் ஆண்டிலும் 1975 ஆம் ஆண்டிலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 ஆம் ஆண்டில் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போயிற்று. கைகள் மாறின, மறுமொழி மாறவில்லை. அவர்களுடைய கணக்கையே எடுத்துக்கொள்வோம். கொழுந்தெடுக்க ஆளில்லை என்பதும் அவர்களுடைய முறைப்பாடுதான். நாற்பத்தைந்து வயதில் இடுப்பொடிந்து பேர் வெட்டப்பட்டுப் போகிறவள், மூன்று பதின்மத்து ஆண்டுகளாய் எந்தச் செடியில் எந்தக் கொழுந்து எப்போது கிள்ளவேண்டும் என்று பழகியவள். அவளைத் தேய்த்து வீசிவிட்டு ஆளில்லை என்று அழுவது எந்தப் பொருளாதாரம்?

எழுத்தாளர்களாகிய எமக்கும் இதிற் பங்குண்டு. தேயிலைப் பெட்டியின் படத்தில் வெற்றிலைக் காவியேறாத பற்களோடு சிரிக்கும் பெண்ணை வரைந்தவன் வர்த்தகன். அவனை மன்னிக்கலாம், அது அவன் தொழில். அவளுடைய வளைந்த இடையில் கவிதையைக் கண்டவர்கள் எம்மவர்கள். அந்த வளைவு திருவென்பு மூட்டின் வேதனையால் உடல் தேடிக்கொண்ட தஞ்சம் என்று அவர்களுக்குத் தோன்றியதேயில்லை. சோகத்தைப் பாடியவர்களும் கண்ணீரைப் பாடினார்களேயன்றிக் கிலோவைப் பாடவில்லை. கண்ணீருக்கு அனுதாபம் பிறக்கும். கிலோவுக்கு விடை சொல்ல வேண்டியிருக்கும்.

சம்பளப் பேச்சு நடக்கும் மேசையில் ரூபாவும் கிலோவும் மட்டுமே இதுகாறும் இடம்பெற்று வந்திருக்கின்றன. இடுப்பும் இடம்பெற வேண்டும் என்கிறோம். வைத்தியர் இலேசான வேலை என்று எழுதிக்கொடுத்தால் அந்நாளுக்கு முழுப்பேர் விழவேண்டும். நிறுவை மலைக்கு வரவேண்டும். மலை நிறுவைக்குப் போகும் வழக்கம் ஒழியவேண்டும். மருந்துச்சாலைப் புத்தகத்தில் ‘இடுப்பு வலி’ என்று எழுதுமிடத்தில் எந்தப் பக்கம், எவ்வளவு காலம், என்ன வேலை என்ற மூன்றும் எழுதப்பட வேண்டும். தேய்ந்த இடுப்புக்குச் சாட்சி இல்லை என்று இனி எவரும் கூறமுடியாதபடி அந்தப் புத்தகமே சாட்சியாகட்டும். பிள்ளை பெற்ற வீட்டுக்கு மருத்துவமாது வந்து பார்க்கும் நல்ல வழக்கம் எமது நாட்டில் உண்டு. அவர் பிள்ளையின் நிறையைப் பார்ப்பதோடு தாயை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லியும் பார்க்கட்டும். 84 நாள் கழிந்து பெரட்டுக்கு வருபவளைக் கூடையோடு எந்த மலைக்கு அனுப்புவது என்பதை இன்று தீர்மானிப்பவர் கங்காணி. அந்தத் தீர்மானம் மருத்துவமாதின் கையெழுத்தோடு வரவேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாத கூடையைத் தூக்க மறுப்பவளுக்குத் தொழிற்சங்கம் துணை நிற்குமா என்பதைச் சங்கத் தலைவர்கள் இப்போதே சொல்லட்டும்.